முகில் என்ற குதிரை

யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்கிற இணையக் கலைக்களஞ்சியத்தில், கூவலப்பட்டிப் பாளையத்தைப் பற்றிய என் வரலாற்றுப் புத்தகத்தை இளவழுதி என்றொருவர் கட்டுரையாக்கியிருந்தார். என் 'கோட்டை வாசல்' அவரிடம் 'அரண் வாயில்'. என் 'கடும் மழை' அவரிடம் 'அடாத மாரி'. வாக்கியங்கள் நான் நிறுத்திய வரிசையிலேயே நின்றன, சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு. கட்டுரையைப் பற்றி விவாதிப்பதற்கென்று இருக்கும் பேச்சுப் பக்கத்தில் போய்க் கேட்டேன். "ஐயா, உங்கள் சொல் ஒன்றுகூட அதில் இல்லை, தேடிப் பாருங்கள்" என்றார். திருடிவிட்டு என்ன திமிர்! தேடினேன். பாளையக்காரரின் குதிரைக்குப் பெயர் மேகம். இந்த மகானுபாவர் அதையும் முகில் ஆக்கியிருந்தார். விட்டால் பொன்னுசாமியைத் தங்கக்கடவுள் என்று எழுதுவார். "குதிரையின் பெயர் மேகம். நீர் காப்பியடித்ததற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?" என்று போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன். களஞ்சியத்தின் நிர்வாகி மும்தாஜ் பேகம் வந்தார். "முதலில் பெயரைத் திருத்திவிடலாம் ஐயா. புத்தகத்தில் குதிரைக்கு அடிக்குறிப்பு இல்லையே, மேகம் என்று எந்த ஆவணத்தில் இருக்கிறது?"

அந்த அத்தியாயம் வறட்சியாக இருக்கிறது என்று பதிப்பாளர் சொன்ன அன்று, டீ ஆறுவதற்குள் நான் பிறப்பித்த குதிரை அது.

பக்கத்தை மூடிவிட்டேன். முகில் அங்கேயே நிற்கிறது. போன வாரம் யாரோ அதற்குச் சாம்பல் நிறம் என்று சேர்த்திருக்கிறார்கள். நான் நிறமே எழுதவில்லை. சான்று என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது.