துடைத்த மேசை

பல்கலைக்கழக உணவகத்தின் தகரக் கூரையில் மாலை மழை கொட்டுகிறது. ருமானா இங்கே படிக்கச் சேர்ந்து ஐந்து நாளாகிறது. மலேசியக் கடலோர ஊரான மெர்சிங்கில் அத்தாவின் சாப்பாட்டுக் கடையில் வளர்ந்தவள். பக்கத்து மேசையில் நாலைந்து பேர் தமிழில் பேசிச் சிரிக்கிறார்கள். அதைக் கேட்கத்தான் இந்த மேசையில் வந்து உட்கார்ந்தாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நாசி கோரெங் வறுத்த சோற்றைச் சாப்பிட்டு முடித்ததும் எழுந்து, தூணோரம் கிடக்கும் ஈரத்துணியை எடுத்துத் தன் மேசையைத் துடைக்கிறாள். கை நிற்கவில்லை. அடுத்த மேசையையும் துடைக்கிறது, காலி கிளாஸ்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்குகிறது. அத்தா கடையில் செய்கிற அதே வேகம். "அக்கா, தே ஐஸ் ஒண்ணு," என்று ஐஸ் தேநீர் கேட்கிறான் சிரித்தவர்களில் ஒருவன், கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல். ருமானா துணியோடு நிற்கிறாள். புது மாணவர் அட்டை துடோங் முக்காட்டுக்கு அடியில் மறைந்திருக்கிறது. வெளியே இழுத்துக் காட்டினால் போதும். விரல் கழுத்துக் கயிறுவரை போகிறது, பிறகு இறங்கிவிடுகிறது. "சீனி கொறச்சா?" என்று கேட்கிறாள். காலையிலிருந்து யாரிடமும் பேசாத குரல், கரகரத்து வெளியே வருகிறது.