பதினோரு மணி ஃபால்ட்டு

"பதினோரு மணி ஆனா உன் கேபிள் செத்துப்போவுது. கரெக்டா கால் மணி நேரம். அப்புறம் தானா உயிர் வருது. இன்னா குமரேசா இது?"

சேலையூர்ல நாலு தெருவுக்கு கேபிள் குடுக்கறவன் குமரேசன். அவன் ஆபீஸுக்கே வந்து கேட்டவரு பக்தவச்சலம், குடியிருப்போர் சங்கச் செயலாளர். கூடவே அவரு எதிர்வீட்டு சுபத்ரா.

"லைன் ஃபால்ட் சார்."

"ஃபால்ட்டு இன்னா வாட்ச் கட்டிகினா வருது?"

சுபத்ரா சிரிச்சாங்க. "நாலு மாசமா இதே பதில்தான். நீ சுவிட்சை அணைச்சிட்டு டீ குடிக்கப் போறேன்னு தெருவே பேசுது."

"டீ இங்கயே வரும்க்கா. சொல்லட்டுமா?"

"எனக்கு சக்கரை போடாம," ன்னாரு பக்தவச்சலம், கோவத்தைக் கொஞ்சமும் விடாம. "ஒரு விஷயத்தை உருப்படியா பாத்துக் குறிச்சுக்க முடியுதா உன் டி.வி.ல?"

கையில இருந்த பேப்பரை மேஜை மேல போட்டாரு.

"அறுபத்திரண்டு வீட்டுக் கையெழுத்து. இட்லிக்கடை எல்லம்மா ஒருத்திதான் போடமாட்டேன்னுடுச்சு. இது மெயின் கம்பெனிக்குப் போனா உன் லைன் வேற ஆளுக்குப் போயிடும், தெரியுமில்ல?"

புகார் போனை எடுக்கற குமரேசன் சம்சாரம் தீபாவுக்கு முகம் வெளுத்துப்போச்சு. அந்த நாலு தெருவை விட்டா அவங்களுக்கு வேற பொழப்பு கிடையாது.

"சொல்லிடுங்களேன்," ன்னா மெதுவா.

"சும்மா இரு."

அந்த நேரம் குமரேசன் செல்லுல ஒரு மெயில் வந்துச்சு. ரெண்டு தடவை படிச்சான்.

"சார், நாளையிலேர்ந்து கட் ஆவாது. வேணும்னா எழுதித் தரேன்."

"பாத்தியாம்மா சுபத்ரா? கையெழுத்தைக் கண்டா ஃபால்ட்டே பயப்படுது!" டீயைக் குடிச்சாரு. "பொழைச்சுப் போ. இந்தப் பேப்பரை நீயே கிழிச்சுப் போட்டுடு."

அவங்க படி இறங்கவும், எல்லம்மா கம்பை ஊனிக்கினு ஏறி வரவும் சரியா இருந்துச்சு. வலது கால்ல ரெண்டு விரல் கிடையாது.

"இன்னா குமரேசா, லெட்டர் எதுனா வந்துக்கீதா?"

"வந்துடுச்சுக்கா. பவுடர் விளம்பரத்தை நிறுத்திட்டாங்க."

அது ஒரு வெளிநாட்டுத் தமிழ் சேனல். தினமும் பதினோரு மணிக்குக் கால் மணி நேரம், 'சக்கரை வியாதியா? மாத்திரையை விடுங்க, இன்சுலினை விடுங்க, எங்க பவுடரைச் சாப்பிடுங்க'ன்னு ஒருத்தர் பேசுவாரு. அதை நம்பினதுலதான் எல்லம்மாவுக்கு விரல் போச்சு.

ஒரு சேனலை மட்டும் தனியா நிறுத்த குமரேசனால முடியாது. எல்லம்மா கால் போட்டோவை வெச்சு, டி.வி. விவகாரம் பாக்கற டெல்லி ஆபீஸுக்கு எழுதினான். சேனல் லைசென்ஸ் வெளிநாட்டுது, அந்த நாட்டு ஆபீஸுக்கு எழுதறோம்னாங்க. அந்த ஆபீஸ் தேதி வாரியா ரெக்கார்டிங் கேட்டுச்சு. பவுடர் கம்பெனி மூணாவதா ஒரு நாட்டுல இருந்துச்சு. அந்த நாட்டு ஆபீஸுக்கும் லெட்டர் போச்சு.

அதுவரைக்கும் குமரேசன் கையில இருந்தது தெரு சுவிட்ச் ஒண்ணுதான். அந்த ஆள் வந்து, கீழே ஆர்டர் நம்பர் ஓட ஆரம்பிச்சதுமே தெருவை அணைப்பான். ஆபீஸ் டி.வி.ல மட்டும் ரெக்கார்ட் பண்ணுவான். வேணும்னே அணைக்கிறேன்னு வெளிய சொன்னா, மெயின் கம்பெனி அன்னிக்கே லைனைப் புடுங்கிடும்.

"மூணு நாட்டு ஆபீஸ் ஒண்ணு சேர நாலு மாசம்," ன்னான் குமரேசன். "என்னைத் துரத்த அறுபத்திரண்டு வீடு ஒண்ணு சேர நாலே நாள்."

எல்லம்மா சிரிக்கலை. "நாலு மாசமா திட்டு வாங்கிக்கினு கீறியே. உன்னால ஒருத்தராச்சும் தப்பிச்சாங்களா?"

"அது யாருக்குக்கா தெரியும்?"

தீபா அந்தப் பேப்பரைக் கிழிக்க எடுத்தா. பின்பக்கம் பாத்ததும் கை நின்னுடுச்சு. அவன்கிட்ட நீட்டினா.

பக்தவச்சலம் கையெழுத்து. 'சக்கரை பவுடர், ஆர்டர் பண்ண போன் நம்பர்'னு தலைப்பு. கீழே நாலு நாள் தேதி போட்டு நாலு தடவை எழுதியிருந்தாரு.

நாலு தடவையும் நம்பர் பாதியிலயே நின்னிருந்துச்சு.