அரைக் கட்டை

முட்டி வலித்தது. அதனால்தான் உட்கார்ந்தாள்.

ஒத்திகையில் அவள் உட்கார்ந்ததே கிடையாது. பியானோவின் வளைவில், அரங்கின் நாற்காலிகளைப் பார்த்தபடி, வாசிப்பவனுக்கு முதுகைக் காட்டி நின்றுதான் பாடுவாள். இன்று பயண அலுப்பு. ஹாம்பர்க்கில் ரயில் ஏறி, இரண்டு இடத்தில் வண்டி மாறி, வெந்நீர் ஊற்றுக்குப் பேர்போன இந்தச் சிற்றூருக்கு வந்து சேர்வதற்குள் கால் வீங்கிவிட்டது.

பியானோ வாசிக்கும் எக்கார்ட்டுக்குப் பின்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அவன் வாசிக்க ஆரம்பித்தான். அவள் பாடினாள்.

ஆற்றங்கரையில் நின்று படகுக்காரனைக் கூப்பிடும் ஒரு பெண்ணின் பாட்டு. எளிய பாட்டு. பெரும்பாலும் வெள்ளைக் கட்டைகளிலேயே போகும்.

எக்கார்ட்டின் விரல்கள் கறுப்புக் கட்டைகளின்மேல் இருந்தன.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. இரண்டாவது அடியில் புரிந்தது. பாட்டு நின்றுவிட்டது.

சுருதியை அரைக் கட்டை இறக்கி வாசித்துக்கொண்டிருக்கிறான்.

அது அவள் காதில் விழவே இல்லை. கண்ணில் பட்டுத்தான் தெரிந்தது.

தகர வாளியில் சொட்டும் தண்ணீருக்குக்கூட என்ன சுரம் என்று சொன்ன காது.

தொண்டை இறங்குவது அவளுக்குத் தெரியாததல்ல. அதற்காகத்தான் ஐம்பதைத் தொடும் முன்பே ஆப்பரா இசைநாடகங்களை விட்டாள். தரையில் புரளும் பாவாடைகளை, வியர்வையில் ஊறிய பொய்முடிகளை, ஒரு பெரிய வாத்தியக் கூட்டத்தையே தாண்டி ஒற்றைக் குரலைக் கடைசி வரிசைவரை எறிய வேண்டிய அந்த இரவுகளை. இந்தச் சின்னப் பாட்டுகளிடம் வந்து சேர்ந்தாள். ஒரு பியானோ, ஒரு கறுப்பு உடை, எக்கார்ட்.

இங்கே கத்த வேண்டாம். இங்கே வயதாகலாம் என்று நினைத்திருந்தாள்.

காதும் கூடவே இறங்கும் என்று யாரும் சொல்லவில்லை.

"எப்போலேர்ந்து?"

அவன் திரும்பவில்லை. "போன குளிர்காலத்துலேர்ந்து."

"இந்தப் பாட்டு மட்டுமா?"

அவன் பாட்டுப் புத்தகத்தை மூடினான்.

போன குளிர்காலம். மியூனிக்கில் எழுந்து நின்று கை தட்டினார்கள். வயதே தொடாத குரல் என்று ஒரு பத்திரிகை எழுதியது. மறுநாள் காலை ஓட்டலிலிருந்து மகளைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "மேல் ஸ்தாயி திரும்பி வந்துடுச்சுடி" என்றாள். எதிரே எக்கார்ட் உட்கார்ந்திருந்தான். ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தவில்லை.

"ஏன் சொல்லல?"

"சொன்னா பாடறத நிறுத்திடுவ, மார்லிஸ்."

பிறகு, கட்டைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நீ நிறுத்திட்டா நான் யாருக்கு வாசிக்கறது?"

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அதற்கும் தெம்பு வேண்டியிருந்தது.

"சாயந்திரம் எழுதியிருக்கறபடி வாசி" என்றாள்.

எழுதியிருந்தபடியே வாசித்தான்.

அரங்கு நிறைந்திருந்தது. வெந்நீர்க் குளியலுக்கு வந்தவர்கள்தான் பாதிப் பேர். நாற்காலிகளின் ஓரம் கைத்தடிகள் சாய்ந்திருந்தன. படகுப் பாட்டை அவள் கடைசியாக வைத்திருந்தாள்.

அதன் தொடக்கமே அந்நியமாகக் கேட்டது. சொந்த வீட்டில் இருட்டில் நடக்கும்போது யாரோ மேசையை இடம் மாற்றிப் போட்டிருப்பதுபோல. தடவித் தடவிப் போனாள். முதல் சரணம் தாண்டியது. இரண்டாவதும்.

மூன்றாவதில்தான் அந்தப் பெண் அக்கரையைப் பார்த்துக் கூப்பிடுவாள். அந்த ஒரே உச்சம். அந்தச் சுரம்தான் இருபத்துமூன்று வயதில் அவளுக்கு முதல் மேடையை வாங்கித் தந்தது. அதைக் கேட்டுத்தான் ஒருவன் அவளைக் கல்யாணம் செய்துகொண்டான். வீட்டில் நாள் முழுதும் அதையே கேட்க முடியவில்லை என்று போகவும் செய்தான்.

வாயைத் திறந்தாள்.

காற்று வந்தது.

உடையவில்லை, பிசிறவில்லை. வெறும் காற்று.

எக்கார்ட்டின் கைகள் அந்தரத்தில் நின்றன. முன்வரிசையில் ஒரு பெரியவர் குனிந்து தன் காலணியைப் பார்த்தார். யாராவது இருமினால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. ஒருவரும் இருமவில்லை.

வழி இல்லாமல் இல்லை. கையை உயர்த்தித் தொண்டையைத் தொட்டுக் காட்டி, லேசாகச் சிரித்தால் போதும். ஜலதோஷம் என்று நம்பிவிடுவார்கள். பாவம் என்று இன்னும் பலமாகக் கை தட்டுவார்கள். பூங்கொத்து பக்கக் கதவருகே தயாராக இருந்தது. எத்தனையோ பேர் அப்படி மேடையிறங்கிப் போனதை அவள் பார்த்திருக்கிறாள்.

கையை உயர்த்தப் போனாள்.

சலிப்பாக இருந்தது.

கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, பியானோ பக்கம் திரும்பினாள்.

"இறக்கு" என்றாள். கடைசி வரிசைக்கும் கேட்டிருக்கும்.

எக்கார்ட்டின் முகம் சிவந்தது. தலையசைத்தான். விரல்கள் தாமாகவே போன குளிர்காலத்து இடத்துக்குப் போய் நின்றன.

"அங்க இல்ல" என்றாள். "இன்னும் கீழ."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றி, சட்டைக் கையில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

அவசரமில்லை. அவள் பியானோவின்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டாள்.