பதினெட்டாவது வாசல்

நெட்வொர்க் மார்க்கெட்டிங்கில் ஆள் சேர்க்கக் கிளம்பிய ஜெசிந்தா, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் மணியை அடிப்பாள். அது அவளுடைய இடது செருப்புக்குப் பிடிக்கவே இல்லை.

“உள்ள வாங்கன்னு சொல்றதுக்கு முன்னாடியே எதுக்குக் கழட்டணும்?” என்று அது எரிச்சல்பட்டது. “பதினாறு வீடு ஆச்சு. ஒருத்தரும் கூப்பிடல.”

“கூப்பிட்ட பிறகு குனிஞ்சு கழட்டிக்கிட்டு இருந்தா, அதுக்குள்ள அவங்க மனசு மாறிடும்,” என்றது வலது செருப்பு.

பதினேழாவது வீட்டுக்காரம்மா, “போன வருஷம் இதுல சேர்ந்து நான் பட்டதே போதும்மா,” என்று கதவைச் சாத்தினார்.

“சரிங்கக்கா, வர்றேன்,” என்று சாத்திய கதவிடம் சொல்லிவிட்டு ஜெசிந்தா செருப்பை மாட்டினாள். இடது செருப்பின் வார் அறுந்தது.

“அப்பாடா, இனி வீட்டுக்குத்தான்,” என்றது அது.

ஜெசிந்தா சேலையிலிருந்த ஊக்கை எடுத்து வாரில் குத்தினாள். அடுத்த வீட்டுப் படியேறினாள். செருப்புகளைக் கழற்றிச் சேர்த்து வைத்தாள். மணியை அடித்தாள்.

வலது செருப்பு ஏதோ சொல்ல வாயெடுத்தது.

“பேசாம ஓரமாத் தள்ளிக்கோ,” என்றது இடது செருப்பு. “உள்ள போனா அவ வர நேரமாகும்.”