கம்பி விழுங்கிய மரம்

புயல் சாய்த்த ரப்பர் மரங்களை அரைக்கும் மிஷின் அருமனைச் சரிவில் அலறுகிறது. ஸ்டெனி முறிந்த தடிகளை அதன் வாய்க்குள் தள்ளுகிறான். இரும்புப் பற்கள் கவ்வி, நொறுக்கி, மறுபக்கம் நிற்கும் லாரிக்குள் சில்லுகளாகத் துப்புகின்றன. எல்லாம் மின்சாரம் எடுக்கும் கொதிகலனுக்குப் போகிறவை. செத்த மரத்திலிருந்து இன்னும் பால் ஒழுகுகிறது. அவன் கழுத்தில் தெறித்து வெள்ளையாக உறைகிறது. பதினொரு வருடம் இதே மரங்களில் பால் வெட்டிய பிரீனா, பால் பிடிக்கும் சிரட்டையைத் தாங்க மரத்தைச் சுற்றிக் கட்டிய கம்பிகளைக் குறட்டால் பிடுங்கி எறிந்துகொண்டிருக்கிறாள். அவன் அடுத்துத் தள்ளும் தடியின் நடுவில் பட்டை வளையமாக வீங்கியிருப்பது அவள் கண்ணில் படுகிறது. “அண்ணே, அத விடுங்க! உள்ள கம்பி கெடக்கு!” மிஷின் அந்தக் குரலையும் சேர்த்து அரைக்கிறது. அவள் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்து இழுக்கிறாள். இருவரும் சேற்றில் விழும்போதே தடி மிஷினுக்குள் போய்த் தீப்பொறி சிதறுகிறது. கம்பித்துண்டு ஒன்று சீறிவந்து அவன் காதைக் கிழித்துக்கொண்டு போகிறது. அது தெரியாமல், “ஏட்டி, கிறுக்கா உனக்கு?” என்று ஓங்கி அறைகிறான். கழுத்துப் பாலின்மேல் ரத்தம் வழிகிறது. தொட்டுப் பார்த்தவன் அவள் பக்கம் திரும்புகிறான். “கம்பியெல்லாம் பிடுங்கியாச்சுன்னு சொன்னியே?” அவள் கன்னத்தைப் பொத்திக்கொள்கிறாள். “மரம் பெருத்து கம்பி இறுகினா, மேல புதுசு ஒண்ணு கட்டுவேன். பழச எடுத்ததே இல்ல, அது பட்டைக்குள்ள போயிரும்.” அரைக்கக் காத்திருக்கும் குவியலை இருவரும் பார்க்கிறார்கள். ஒவ்வொரு தடியிலும் வளையம் வளையமாக வீக்கம். மிஷின் இன்னும் வாயை மூடவில்லை.