மூன்றாவது பாட்டில் ஒரு குரல்

“விளக்கை அணைங்க. இப்ப வரும்” என்றார் பல் டாக்டர்.

அந்த ராக் குழு முதன்முதலாக வாசித்தது இதே பேஸ்மென்ட் ஹாலில்தான். இருபத்தாறு வருஷம் ஆகிறது. இப்போது அவர்கள் வந்தால் ஸ்டேடியம் நிரம்பும். அன்றைக்கு வந்தது நாற்பது பேர். ஆனால் வருஷா வருஷம் அதே நாளில் இங்கே கூடும் ரசிகர்களில் அறுபது பேராவது, “நான் முதல் வரிசை” என்பார்கள்.

அன்றைய டேப் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது பாட்டு முடியும் இடம்.

டம். டம். டம்.

கதவைத் தட்டும் சத்தம். பிறகு மூச்சு முட்டும் ஒரு பெண் குரல்.

“கதவைத் தெறங்க...”

ரசிகர்கள் அதற்கு வைத்திருந்த பெயர் ‘பேய்க் குரல்’.

“அந்தப் பின்கதவுல சாஞ்சுதான் நின்னேன்” என்று டாக்டர் கிசுகிசுத்தார். “திரும்பிப் பாத்தா யாருமே இல்ல. முதுகெல்லாம் ஜில்லுன்னு ஆயிடுச்சு.”

“நானும் கேட்டேன்.”

“நானுந்தான்.”

“உங்களுக்கெங்க தெரியும் டிரைவரே, நீங்கதான் அன்னிக்கு வரவே இல்லியே!” என்று ஒருவர் கடைசி நாற்காலியில் இருந்த பஸ் டிரைவரைச் சீண்டினார்.

அவர் வழக்கம்போலப் பின்கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டேப் நின்றது. தட்டும் சத்தம் நிற்கவில்லை.

டம். டம்.

“கதவைத் தெறங்க...”

அதே குரல். அதே பின்கதவு.

ஒருத்தரும் அசையவில்லை. டிரைவர்தான் எழுந்து விளக்கைப் போட்டு, போய்த் தாழ்ப்பாளை நீக்கினார்.

நாற்பத்தைந்து வயசிருக்கும் ஒரு பெண். படியிறங்கி வந்ததில் மூச்சு வாங்கியது. கையில் ஒரு ஃபைல்.

“பேய்க் குரல்னு எல்லாரும் சொல்ற இந்த டேப்பைப் போன மாசந்தான் கேட்டேன். அது பேயில்லீங்க. பத்தொம்போது வயசுப் பொண்ணு. ஆஸ்துமா. காத்து வாங்க வெளிய வந்தவ திரும்ப உள்ள வர முடியல. இந்தப் பக்கம் யாரோ தாழ்ப்பாள் போட்டுட்டாங்க. தட்டித் தட்டிப் பாத்து, மூச்சு நின்னு போச்சு.”

“போலீஸ் கேஸு போலிருக்கு” என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

“அன்னிக்குக் கதவுகிட்ட நின்னது யாரு?”

டாக்டர் தொண்டையைச் செருமினார். “உண்மையச் சொன்னா, எனக்கு அன்னிக்குக் காய்ச்சல். டேப்லதான் கேட்டேன்.”

“நான் ஊர்லயே இல்ல.”

“நான் அடுத்த ஷோவுக்குத்தான் வந்தேன்.”

இரண்டே நிமிஷத்தில், அன்றைய ஹாலில் ஆளே இல்லாமல் போனது.

“நான் இருந்தேம்மா” என்றார் டிரைவர். “தட்டினது கேட்டுச்சு. டிரம்ஸ்னு நெனச்சு சும்மா நின்னுட்டேன். பாட்டு முடிஞ்சப்பறந்தான் குரல் கேட்டுச்சு. தெறந்தா, உதடெல்லாம் நீலம். தோள்ல போட்டுட்டு ஓடிப்போய் ஆஸ்பத்திரில விட்டேன். பொழச்சாளான்னு கேக்கத்தான் பயம். அப்படியே வந்துட்டேன். இத்தன வருஷமா அந்தக் குரல் என்னை விடல.”

அவள் ஃபைலைத் திறந்து, மஞ்சள் பாரித்த ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்றை நீட்டினாள்.

‘கொண்டுவந்தவர்: பெயர் சொல்லவில்லை.’

“நின்ன மூச்சைத் திருப்பிக் கொண்டு வந்துட்டாங்க. அந்தப் பொண்ணு நான்தாங்க.”

டிரைவர் அந்தச் சீட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தாள். “ரெண்டு பாட்டோட வெளிய வந்துட்டேன். மிச்சக் கச்சேரி எப்படி இருந்துச்சுங்க?”

“தெரியலம்மா. மூணாவதோட நானும் வெளிய வந்துட்டேன்.”