கிளவுஸ் போடாத கை

என் ஜிம்முல எவனும் கிளவுஸ் போட்டுக்கிட்டு வெயிட் தூக்கப்படாது. அது என் சட்டம்.

பதினொரு வருசம் சவுதியில, தம்மாம்ல கட்டுமானக் கம்பி சுமந்தவன் நான். ஊருக்குத் திரும்பி, ஏர்வாடியில ஒரு உரக்கடை மாடியில ஜிம்மு வச்சேன். புதுசா சேருத பயலுவகிட்ட முதல்ல என் உள்ளங்கையை விரிச்சுக் காட்டுவேன். விரலுக்குக் கீழ வரிசையா காய்ப்பு, கல்லு கணக்கா இருக்கும். இதுதாம்லே ஆம்பளை கைன்னு சொல்லுவேன்.

இந்த இர்ஷாத் பய மட்டும் கேக்க மாட்டான். டைல்ஸ் கடையில பில்லு போடுதவன், இருபத்தாறு வயசு. நூறு கிலோவை அலுங்காம தூக்குவான். கீழ வைக்கையில சத்தமே கேக்காது. ஆனா கம்பியைத் தொடுததுக்கு முன்னால கருப்பு கிளவுஸை மாட்டிருவான். முடிச்சதும் உள்ளங்கையில தேங்காயெண்ணெய் தேப்பான்.

"ஏலே, என்ன, மாப்பிள்ளை பாக்க வாராகளா?"ன்னு கேட்டேன் ஒரு நா. எல்லா பயலும் சிரிச்சானுவ. அவனும் சேந்து சிரிச்சான்.

அப்பமெல்லாம் வீட்டுல எனக்கு நிம்மதி இல்ல. வாப்பா கீழ விழுந்து ரெண்டு மாசமா படுக்கை. பதினொரு வருசம் பக்கத்துல இல்லாம போனவன், இப்பமாவது பாத்துக்கிடணும்னு காலையில ஈரத்துணியால உடம்பைத் தொடைச்சு விடப் போவேன். கையைப் புடிச்ச உடனே வெடுக்குன்னு இழுத்துக்கிடுவாக.

"நீ போ லே. ரைஹானத் பாத்துக்கிடுவா."

என் தங்கச்சி ரைஹானத் தொட்டா மட்டும் பச்சப்புள்ள கணக்கா சும்மா கெடப்பாக. ஒரு நா என் உள்ளங்கையைத் திருப்பி ரொம்ப நேரம் பாத்தாக. பொறவு சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாக. விட்டுட்டுப் போனவன்தானேன்னு நினைக்காகளோன்னு எனக்கு நெஞ்சு எரியும். ஒரே ஒரு தடவை என் கையில சும்மா கெடந்தா போதும், என்னை மன்னிச்சுட்டாகன்னு எடுத்துக்கிடுவேன். அது நடக்கவே இல்ல.

அந்த எரிச்சலை ஒரு நா இர்ஷாத் மேல கொட்டிட்டேன். கிளவுஸைக் கழட்டு, இல்லன்னா வேற ஜிம்மு பாத்துக்கன்னு எல்லாரு முன்னாலயும் சொன்னேன். அவன் பையை எடுத்தான், 'வாரேன் காக்கா'ன்னு கூடப்பொறந்த அண்ணன்கிட்ட சொல்லுத மாதிரி சலாம் சொன்னான், படி இறங்கிப் போயிட்டான்.

அடுத்த வெள்ளிக்கிழமை சுபுஹு தொழுகைக்குப் பொறவு வாப்பா மூச்சு நின்னு மவுத்தாயிட்டாக.

பள்ளிவாசலுக்குச் சொல்லி விட்டோம். வீட்டு முத்தத்துல திரை கட்டி, பலகை போட்டு, இலந்தை இலை போட்ட வெந்நியைக் கொண்டு வச்சாக. குளிப்பாட்டுததுக்கு ரெண்டு பேரு வந்தாக. ஒருத்தர் வயசாளி. இன்னொருத்தன் இர்ஷாத்.

அஞ்சு வருசமா இந்த ஊருல மவுத்தான ஆம்பளைகளோட மையித்தைக் குளிப்பாட்டுததுக்கு அவன்தான் போறானாம். திரைக்குள்ள நடந்ததை யாரும் வெளிய பேசப்படாது, அது முறை. அவன் தன்னைப் பத்தியும் பேசல. வெளிநாட்டுல கெடந்த எனக்கு எங்க தெரியும்.

மகன்தான் முதல்ல கை வைக்கணும்னு பெரியவர் சொன்னார். இர்ஷாத் தண்ணி ஊத்தினான். நான் வாப்பாவோட வலது கையைப் புடிச்சுத் தேச்சேன். இப்பம் இழுக்கல. அதை நினைச்சதும் எனக்கு அழுகை முட்டிட்டு. கண்ணு மறைக்க, இன்னும் அழுத்தித் தேச்சேன்.

"பைய, மெதுவா காக்கா."

இர்ஷாத் என் மணிக்கட்டைப் புடிச்சான். குனிஞ்சு பாத்தேன். வெங்காயச் சருகு கணக்கா இருந்த தோலு, என் காய்ப்பு பட்ட இடத்துல உரிஞ்சு வந்திருந்துச்சு.

அவன் சட்டுன்னு அது மேல தண்ணியை ஊத்தி, ஒரு வெள்ளைத் துணியைக் கிழிச்சு என் உள்ளங்கையில சுத்தினான். அவன் விரலு என் மேல பட்டுச்சு. பஞ்சு மாதிரி இருந்துச்சு.

"மையித்துக்கும் வலிக்கும்பாக காக்கா. கை காய்ச்சுப் போயிரப்படாதுன்னுதான் அங்கன கிளவுஸ் போடுதேன்"ன்னான், பெரியவருக்குக்கூட கேக்காத சத்தத்துல. "பைய தூக்கி, பைய வைக்கத் தெம்பு வேணும்லா. அதுக்குத்தான் ஜிம்முக்கே வந்தேன்."

துணி சுத்தின கையால வாப்பாவைத் தொட்டேன். தோளு, நெஞ்சு, பொறவு அந்தக் கையி. முழங்கைக்குக் கீழ ஏற்கெனவே நாலஞ்சு கீறலு இருந்துச்சு. புதுசு இல்ல, காஞ்சு கருத்த கீறலு. எல்லாம் நான் தெனமும் தொடைக்கப் போயி புடிச்ச இடம்.

திரைக்கு வெளிய வந்து ரைஹானத்துகிட்ட கேட்டேன், அந்தக் கீறலு எப்படின்னு. அவ முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு அழுதா.

"உன்கிட்ட சொல்லவே கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாக காக்கா. 'நமக்காகச் சொமந்து சொமந்து காய்ச்ச கையி, அது குத்துதுன்னு எந்த வாயால அவன்கிட்ட சொல்லுவேன்'ன்னாக."